பிளக் இன் மக்கர் செய்கிறதா? புதிய தளத்தில் வைத்துச் சோதியுங்கள்

சிறிய கடை வைத்திருப்பவர், வீட்டில் டியூஷன் எடுப்பவர், பழைய மாணவர் சங்கம், ஊர்க் கோயில் திருப்பணிக் குழு என இன்று பலரும் சொந்தமாக இணைய தளம் வைத்துள்ளனர். இவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது வேர்ட்பிரஸ் தொகுப்பினைத்தான். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் இதில் ஒரு தளத்தை உருவாக்கி விடலாம். தொடர்பு கொள்ளப் படிவம் வேண்டுமா, போட்டோ ஆல்பம் வேண்டுமா, பணம் பெறும் வசதி வேண்டுமா, அதற்கான பிளக் இன் ஒன்றை இன்ஸ்டால் செய்தால் போதும்.

சிக்கல் வருவதும் இங்கேதான். நேற்று வரை ஒழுங்காக இயங்கிய படிவம் இன்று அழுத்தினால் சுற்றிக் கொண்டே இருக்கிறது. அல்லது தளம் முழுவதும் வெள்ளைத் திரையாக நிற்கிறது. இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. படிவத்தை நிரப்பியவருக்கு "நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது" என்று காட்டுகிறது. ஆனால் உங்களுக்கு மெயில் வருவதில்லை. ஆர்டர் கொடுத்தவர் காத்திருக்கிறார். நீங்களோ வியாபாரம் மந்தம் என்று நினைத்துக் கொண்டிருப்பீர்கள்.

இது போன்ற நேரங்களில் நாம் பொதுவாக என்ன செய்கிறோம்? கண்ணில் பட்ட செட்டிங்ஸை எல்லாம் மாற்றுகிறோம். பிளக் இன்னை நீக்கிவிட்டு மீண்டும் பதிகிறோம். பிளக் இன் தயாரித்தவரைக் கேட்டால், "ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேளுங்கள்" என்பார். ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், "பிளக் இன் தயாரித்தவரைக் கேளுங்கள்" என்று பதில் வரும். இந்த அலைச்சலைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உள்ளது. பிளக் இன்னைப் புதிதாக இன்ஸ்டால் செய்யப்பட்ட, வேறு எதுவும் சேர்க்கப்படாத ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் வைத்து இயக்கிப் பார்ப்பதுதான் அது. செலவு இல்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து விடலாம்.

ஏன் மோதிக் கொள்கின்றன?

வேர்ட்பிரஸ் தொகுப்பின் முதல் பதிப்பு 2003 ஆம் ஆண்டு மே 27ல் வெளியானது. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்ற பழைய தொகுப்பை அடிப்படையாக வைத்து இதனை உருவாக்கினார்கள். 2004ல் வந்த 1.2 பதிப்பில் பிளக் இன் வசதி சேர்க்கப்பட்டது. இன்று இதன் அதிகாரபூர்வத் தொகுப்பில் மட்டும் 50 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பிளக் இன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர்கள் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது.

உங்கள் தளத்தின் ஒரு பக்கத்தை யாராவது திறக்கும்போது, ஆக்டிவேட் ஆகியுள்ள எல்லா பிளக் இன்களும், தீமும், வேர்ட்பிரஸ் தொகுப்பும் ஒன்றாக மெமரியில் ஏற்றப்படுகின்றன. இவற்றுக்கு இடையே தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது. ஒரே அறையில் இருபது பேரைக் குடியமர்த்தியது போலத்தான். இரண்டு பிளக் இன்களில் ஒரே பெயரில் ஒரு பங்ஷன் எழுதப்பட்டிருந்தால், பிஎச்பி மொழி அந்த இடத்திலேயே இயக்கத்தை நிறுத்திவிடும். பக்கம் வெள்ளையாக நிற்கும். ஒரே ஜாவா ஸ்கிரிப்ட் நூலகத்தின் இரு வேறு பதிப்புகளை இரண்டு பிளக் இன்கள் ஏற்றினால், பட்டன்கள் செயல்படாமல் போகும். தீமில் உள்ள வடிவமைப்புக் கட்டளைகள் பிளக் இன் காட்டும் பெட்டியை மறைத்து விடுவதும் உண்டு.

"நான் எதையுமே தொடவில்லையே, தானாகவே கெட்டுவிட்டதே?" என்று பலர் கேட்பார்கள். அதற்கும் வாய்ப்பு உண்டு. நீங்கள் தொடாமலேயே மூன்று பொருள்கள் மாறலாம். வேர்ட்பிரஸ் தன்னைத்தானே அப்டேட் செய்து கொள்ளலாம். 2020ல் வந்த 5.5 பதிப்பு முதல், பிளக் இன்களையும் தானாக அப்டேட் ஆகும்படி திரையிலேயே அமைத்து வைக்கலாம். மூன்றாவதாக, ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வரில் பிஎச்பி பதிப்பை உயர்த்தலாம். 2020 நவம்பரில் வெளியான பிஎச்பி 8.0 பதிப்பில், பழைய பிளக் இன்கள் பலவற்றில் பயன்பட்ட சில கட்டளைகள் அடியோடு நீக்கப்பட்டன. அந்தப் பிளக் இன்கள் சர்வர் மாறிய நாளில் அப்படியே படுத்துவிட்டன. தளத்தின் சொந்தக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

சோதனையைத் தொடங்கும் முன் தளத்திற்கு பேக் அப் எடுத்து விடுங்கள். தளத்தின் பைல்கள் தனி, டேட்டாபேஸ் தனி. இரண்டையும் எடுக்க வேண்டும். உங்கள் கட்டுரைகள், படிவத்தில் வந்த தகவல்கள், செட்டிங்ஸ் எல்லாம் இருப்பது டேட்டாபேஸில். பைல்களை மட்டும் காப்பி செய்து வைத்துக் கொண்டு, "பேக் அப் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

அடுத்து, டெலீட் பட்டனில் கை வைக்காதீர்கள். பிளக் இன் பட்டியலில் டிஆக்டிவேட், டெலீட் என இரண்டு கட்டளைகள் உண்டு. டிஆக்டிவேட் செய்தால் பிளக் இன் உறங்கும். அதன் தகவல்கள் டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். டெலீட் செய்தால், பல பிளக் இன்கள் தாம் உருவாக்கிய டேபிள்களையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் போகும். நிகழ்ச்சிக்குப் பெயர் பதிந்த 200 பேரின் பட்டியல் அந்த டேபிளில் இருந்தால், அதுவும் போய்விடும். "நீக்கிவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்கிறேன்" என்று பதற்றத்தில் செய்து தகவல்களை இழப்பது மிகவும் சாதாரணமாக நடக்கும் விபத்து. பிழையைச் சரி செய்து விடலாம். அழிந்த தகவலை, பேக் அப் இல்லாமல், மீட்பது கடினம்.

வீட்டில் எம்.சி.பி. விழுந்தால்

இந்தச் சோதனையின் தத்துவம் நமக்குப் புதியதல்ல. வீட்டில் மின்சார எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் எலக்ட்ரீஷியன் என்ன செய்கிறார்? எல்லா ஸ்விட்சுகளையும் ஆப் செய்கிறார். எம்.சி.பி.யை மேலே தூக்குகிறார். நின்றால், ஒவ்வொரு ஸ்விட்சாகப் போடுகிறார். கீசரைப் போட்டதும் விழுந்தால் குற்றவாளி கீசர். எதையும் போடாமலேயே விழுந்தால் பிரச்னை வயரிங்கில்.

விண்டோஸ் சேப் மோட் முறையும் இதுதான். தேவையான குறைந்தபட்ச பைல்களுடன் மட்டும் கம்ப்யூட்டரை இயக்கிப் பார்க்கிறோம். இதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு, பிரச்னை தீர்ந்தாலும், எதனால் தீர்ந்தது என்று தெரியாது. ஒரு நோட்டில் நேரம், செய்த மாற்றம், கிடைத்த விளைவு என மூன்று கட்டங்கள் போட்டு எழுதி வாருங்கள்.

புதிய தளம் அமைக்கும் வழி

வீட்டுக் கம்ப்யூட்டரில் வேர்ட்பிரஸ் இயங்க வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் ஆகிய மூன்றும் தேவை. இவற்றை ஒரே தொகுப்பாகத் தருவது ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பு. அப்பாச்சி பிரண்ட்ஸ் என்ற குழுவின் தளத்தில் இது கிடைக்கிறது. டவுண்லோட் செய்து, சி டிரைவில் இன்ஸ்டால் செய்திடவும். பின்னர் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. ஸாம்ப் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் ஆகிய இரண்டுக்கும் எதிரே உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்தவும். இரண்டும் பச்சை நிறத்திற்கு மாற வேண்டும். அப்பாச்சி தொடங்க மறுத்தால், வேறு ஏதோ புரோகிராம் 80 ஆம் எண் போர்ட்டைப் பிடித்து வைத்துள்ளது என்று பொருள் கொள்ளலாம். அந்தப் புரோகிராமை மூடிவிட்டு மீண்டும் முயற்சிக்கவும்.

2. பிரவுசரின் அட்ரஸ் பாரில் லோக்கல் ஹோஸ்ட் என டைப் செய்து, ஒரு சாய்வுக் கோட்டுடன் பிஎச்பிமைஅட்மின் எனச் சேர்த்து என்டர் தட்டவும். கிடைக்கும் திரையில் டேட்டாபேஸஸ் டேபில் கிளிக் செய்து, ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர் கொடுத்து, புதிய டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கவும். கொலேஷன் என்ற இடத்தில் யூடிஎப்8எம்பி4 என்று தொடங்கும் வகையைத் தேர்ந்தெடுக்கவும்.

3. வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து ஸிப் பைலை டவுண்லோட் செய்து விரிக்கவும். கிடைக்கும் போல்டரை ஸாம்ப் போல்டருக்குள் உள்ள எச்டிடாக்ஸ் என்ற போல்டரில் காப்பி செய்து, அதற்கு உங்கள் விருப்பப்படி ஆங்கிலத்தில் சிறு பெயர் கொடுக்கவும்.

4. பிரவுசரில் லோக்கல் ஹோஸ்ட் என்பதனை அடுத்து அந்த போல்டர் பெயரைக் கொடுத்தால், வேர்ட்பிரஸ் இன்ஸ்டலேஷன் திரை கிடைக்கும். டேட்டாபேஸ் பெயராக நீங்கள் உருவாக்கியதைத் தரவும். யூசர் நேம் ரூட். பாஸ்வேர்ட் இடத்தைக் காலியாக விடவும். தளத்தின் பெயர், உங்களுக்கான யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்தால் வேலை முடிந்தது.

இந்த அளவிற்குச் செல்ல விருப்பம் இல்லாதவர்களுக்கு வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்ற வசதி உள்ளது. எதையும் இன்ஸ்டால் செய்யாமல், பிரவுசருக்கு உள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் தளம் சில நொடிகளில் திறக்கும். சேமித்து வைக்காமல் டேபை மூடினால் தளமும் மறைந்துவிடும். அவசரச் சோதனைக்கு இது மிக வசதியானது. ஆனால் இது மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதிலாக எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறது. எனவே டேட்டாபேஸோடு அதிகம் பேசும் பிளக் இன் இங்கு வேறு விதமாக நடந்து கொள்ளலாம்.

எந்த வழியில் சென்றாலும், வேர்ட்பிரஸ் பதிப்பு, பிளக் இன் பதிப்பு, பிஎச்பி பதிப்பு ஆகிய மூன்றும் உங்கள் உண்மையான தளத்தில் உள்ளவையாகவே இருக்கட்டும். உங்கள் தளத்தில் டூல்ஸ் மெனு சென்று, சைட் ஹெல்த் பிரிவில் இன்போ என்ற டேபைத் திறந்தால் இவை எல்லாம் கிடைக்கும். ஒரே புட்டைத் தொட்டுப் பார்க்கும்போது பதிப்பு எண்களும் ஒன்றாக இருந்தால்தான் முடிவை நம்ப முடியும்.

சோதிக்கும் வரிசை

முதலில் பிளக் இன் எதுவும் போடாமல் புதிய தளத்தை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தன்னுடன் தரும் தீம் மட்டும் இருக்க வேண்டும். தளம் நன்றாக இயங்குகிறதா? இனி சந்தேகத்திற்குரிய பிளக் இன்னை மட்டும் இன்ஸ்டால் செய்து ஆக்டிவேட் செய்திடவும். அதன் செட்டிங்ஸ் எதையும் மாற்றாமல் இயக்கிப் பார்க்கவும்.

இங்கே கிடைக்கும் விடை முக்கியமானது. வெறும் தளத்திலும் அதே பிழை வந்தால், பிழை பிளக் இன்னில் உள்ளது. அல்லது உங்கள் பிஎச்பி, வேர்ட்பிரஸ் பதிப்புகளுடன் அது ஒத்துப் போகவில்லை. உங்கள் தீம், மற்ற பிளக் இன்கள் எல்லாம் நிரபராதிகள். பிளக் இன் தயாரித்தவரிடம் தைரியமாகக் கேட்கலாம்.

புதிய தளத்தில் பிழை வரவில்லை என்றால், காரணம் உங்கள் தளத்தில் எங்கோ உள்ளது. அப்போது புதிய தளத்தை, ஒவ்வொரு படியாக, பழைய தளம் போல மாற்றிக் கொண்டே வாருங்கள். முதலில் பிளக் இன்னுக்கு நீங்கள் தந்துள்ள செட்டிங்ஸ். பின்னர் உங்கள் தீம். அடுத்து மற்ற பிளக் இன்கள். அதன் பிறகு டூல்ஸ் மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட், இம்போர்ட் கட்டளைகள் மூலம் உங்கள் கட்டுரைகள். எந்தப் படியில் பிழை தலை காட்டுகிறதோ, அந்தப் படியில் சேர்த்தது சந்தேகத்திற்கு உரியது.

உங்களிடம் 24 பிளக் இன்கள் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 24 முறை சோதிக்க வேண்டியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பாதியாகப் பிரியுங்கள். சந்தேகத்திற்குரிய பிளக் இன்னுடன் முதல் 12ஐ மட்டும் இயக்கவும். பிழை வந்தால் குற்றவாளி இந்த 12ல் ஒன்று. வராவிட்டால் மற்ற 12ல். பின் 6, பின் 3 எனக் குறைத்துக் கொண்டே வந்தால் ஐந்தே சோதனைகளில் ஆளைப் பிடித்துவிடலாம்.

இரண்டு பாதிகளும் தனித்தனியே ஒழுங்காக இயங்கி, எல்லாம் சேரும்போது மட்டும் பிழை வருகிறதா? அப்படியானால் மெமரி போதாமையாக இருக்கலாம். வேர்ட்பிரஸ் தனக்கென முதலில் கேட்டுக் கொள்வது 40 எம்பி அளவுதான். பிளக் இன்கள் பெருகினால் இது போதாது. இங்கே எந்த ஒரு பிளக் இன்னையும் குறை சொல்ல முடியாது, கூட்டம்தான் குற்றவாளி. மெமரி அளவை உயர்த்தும்படி ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்கலாம். அல்லது தேவையற்ற பிளக் இன்களைக் குறைக்கலாம்.

பிழை தரும் செய்தியைப் படியுங்கள்

வெள்ளைத் திரை எதுவும் சொல்வதில்லை. அதைப் பேச வைக்க வேர்ட்பிரஸ் போல்டரில் உள்ள டபிள்யூபி-கான்பிக் என்ற பைலைத் திறக்கவும். அதில் டபிள்யூபி டீபக் என்ற வரி இருக்கும். அதன் எதிரே உள்ள பால்ஸ் என்ற சொல்லை ட்ரூ என மாற்றவும். அதே போல டபிள்யூபி டீபக் லாக் என்ற வரியைச் சேர்த்து ட்ரூ எனவும், டபிள்யூபி டீபக் டிஸ்ப்ளே என்ற வரியைச் சேர்த்து பால்ஸ் எனவும் கொடுக்கவும். எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே அண்டர்ஸ்கோர் அமைத்து டைப் செய்திட வேண்டும். ட்ரூ, பால்ஸ் மட்டும் சிறிய எழுத்தில். இனி பிழைகள் எல்லாம் டபிள்யூபி-கன்டென்ட் போல்டரில், டீபக் லாக் என்ற பைலில் பதிவாகும். பிழை எந்த பைலில், எந்த வரியில் என்று அதில் இருக்கும். பைலின் பாதையில் உள்ள போல்டர் பெயரைப் பார்த்தாலே எந்த பிளக் இன் என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: உண்மையான தளத்தில் இதைச் செய்தால், வேலை முடிந்ததும் பழைய நிலைக்கு மாற்றி, லாக் பைலையும் நீக்கிவிடவும்.

பக்கம் திறக்கிறது, ஆனால் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் பிழை சர்வரில் அல்ல, பிரவுசரில் இருக்கலாம். எப் 12 கீயை அழுத்தி, கன்சோல் டேபைத் திறக்கவும். சிவப்பு நிற வரிகள் உள்ளனவா என்று பார்க்கவும். அதற்கு முன் கண்ட்ரோல் + எப் 5 கீகளை அழுத்தி பக்கத்தைப் புதுப்பிப்பது நல்லது. பழைய கேஷ் பைல் காட்டும் பொய்யை நம்பி மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் நடந்தது. அப்போது வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பில், பழைய ஜேக்வெரி கட்டளைகளைப் புதியவற்றோடு இணைத்து வந்த ஜேக்வெரி மைக்ரேட் என்ற துணை பைல் நிறுத்தப்பட்டது. அப்டேட் செய்தவுடன் பல தளங்களில் ஸ்லைடர்கள் நின்றன, மெனுக்கள் திறக்கவில்லை. பலரும் வேர்ட்பிரஸைத் திட்டினார்கள். உண்மையில் பல தீம்களும் பிளக் இன்களும் கைவிடப்பட்ட கட்டளைகளையே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தன. தற்காலிகத் தீர்வாக, அந்தத் துணை பைலைத் திரும்பத் தரும் பிளக் இன் ஒன்றை வேர்ட்பிரஸ் குழுவே வெளியிட்டது. இந்தச் சூழலில் இரண்டு புதிய தளங்கள் அமைத்து, ஒன்றில் 5.4, மற்றதில் 5.5 பதிப்பினைப் பதிந்து, ஒரே பிளக் இன்னை இரண்டிலும் இயக்கிப் பார்த்தால் போதும். ஒன்றில் இயங்கி மற்றதில் இயங்காவிட்டால் விடை கைக்கு வந்துவிடும். வேர்ட்பிரஸின் பழைய பதிப்புகள் அனைத்தும் அதன் தளத்தில் டவுண்லோட் செய்திடக் கிடைக்கின்றன. பிளக் இன்களின் முந்தைய பதிப்புகளை, அந்தந்தப் பிளக் இன் பக்கத்தில் அட்வான்ஸ்டு வியூ என்ற பிரிவில் பெறலாம்.

வீட்டில் சரி, சர்வரில் தவறு

எல்லாப் படிகளையும் முடித்தும் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிழை வரவே இல்லை என்றால், மிச்சம் இருப்பது சர்வர். பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்கள் லினக்ஸ் சிஸ்டத்தில் இயங்குகின்றன. விண்டோஸில் பைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். வீட்டில் தெரிந்த படம் சர்வரில் தெரியாமல் போக இது போதும்.

மெயில் வராத படிவத்தை வீட்டில் சோதிப்பதில் பயன் குறைவு. ஸாம்ப் தொகுப்பிலிருந்து மெயில் அனுப்பத் தனியே செட்டிங்ஸ் தேவை. இதற்கு உங்கள் சர்வரிலேயே ஒரு சப் டொமைன் உருவாக்கி, அங்கு ஒரு புதிய வேர்ட்பிரஸ் அமைத்து, படிவ பிளக் இன்னை மட்டும் பதிந்து பாருங்கள். அங்கும் மெயில் வரவில்லை என்றால் பிளக் இன்னை மாற்றிப் பயனில்லை. வேர்ட்பிரஸ் வழக்கமாக சர்வரின் மெயில் வசதியைத்தான் நம்பி உள்ளது. அதை ஹோஸ்டிங் நிறுவனம் தடுத்திருக்கலாம். அல்லது அனுப்பியவர் முகவரி சரியில்லை என்று மெயில் ஸ்பாம் பெட்டிக்குப் போயிருக்கலாம். முறையான மெயில் அக்கவுண்ட் வழியாக எஸ்எம்டிபி முறையில் அனுப்பும்படி அமைப்பதே தீர்வு.

குறித்த நேரத்தில் இயங்க வேண்டிய வேலைகளிலும் ஏமாறக் கூடாது. வேர்ட்பிரஸில் இவை, தளத்திற்கு யாராவது வரும்போதுதான் தூண்டப்படுகின்றன. சோதனைத் தளத்திற்கு உங்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள். காலை 6 மணிக்கு வெளியாக வேண்டிய கட்டுரை, நீங்கள் 9 மணிக்குத் தளத்தைத் திறக்கும்போது வெளியானால் அது பிளக் இன் பிழை அல்ல.

தமிழ்த் தளங்களுக்குக் கூடுதல் சோதனை

தமிழில் தளம் நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய வேர்ட்பிரஸில் சோதனைக்காக ஓர் ஆங்கிலக் கட்டுரை தயாராக இருக்கும். அதை வைத்துச் சோதித்துவிட்டு, பிளக் இன் நன்றாக உள்ளது என்று முடிவு செய்யாதீர்கள். சோதனைத் தளத்தில் நீளமான தலைப்புடன் ஒரு தமிழ்க் கட்டுரையையும் போட்டுப் பாருங்கள்.

காரணம் இதுதான். யூடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை. "கோ" என்பது ககரம், ஓகாரக் குறி என இரண்டு குறிகள். ஆக 6 பைட். கட்டுரையின் முதல் 100 பைட்களை வெட்டி முன்னோட்டமாகக் காட்டும் பிளக் இன், ஓர் எழுத்தின் நடுவில் வெட்டிவிடும். முடிவில் கேள்விக்குறி போட்ட கட்டம் தெரியும். அந்த உடைந்த எழுத்து, பின்னணியில் தகவல் அனுப்பும் வேலையையே நிறுத்திவிடவும் கூடும். பக்கம் சுற்றிக் கொண்டே இருக்கும். பிளக் இன் தயாரித்தவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இது அவர் கண்ணில் படவே படாது. பைட் கணக்கில் வெட்டாமல் குறிகளின் கணக்கில் வெட்டும் கட்டளை பிஎச்பியில் உண்டு. அதைப் பயன்படுத்தினாலும் "கோ" என்பது "க" என்று குறைய வாய்ப்புள்ளது. எனவே சொல் எல்லையில் வெட்டும்படி கேட்பதே நல்லது.

அடுத்தது, தலைப்பிலிருந்து உருவாகும் இணைய முகவரி. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியுள்ளது 200 இடங்கள். ஒரு தமிழ்க் குறி முகவரியில் 9 இடங்களைப் பிடிக்கும். அதாவது 22 குறிகளுக்கு மேல் இடம் இல்லை. நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். பகிர்வு பட்டன் தரும் பிளக் இன்கள் தடுமாறும்போது, முகவரியை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக மாற்றிச் சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பைல்களை நோட்பேடில் திருத்தும் பழக்கம். விண்டோஸின் பழைய நோட்பேடில் யூடிஎப்-8 எனச் சேமித்தால், பைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்கள் சேர்ந்துவிடும். இதற்கு பிஓஎம் என்று பெயர். பிஎச்பி பைலில் இது சேர்ந்தால், ஹெட்டர் ஏற்கெனவே அனுப்பப்பட்டு விட்டது என்று பிழை வரும். லாக் இன் கூட முடியாமல் போகலாம். 2019ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான் இது மாறியது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற எடிட்டரைப் பயன்படுத்துங்கள்.

தளத்திற்குள்ளேயே நுழைய முடியாவிட்டால்

2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பு முதல், பிளக் இன் ஒன்றினால் தளம் நின்று போனால், அட்மின் மெயில் முகவரிக்கு ஒரு லிங்க் வரும். அதன் வழியாக ரெகவரி மோடில் நுழைந்து அந்தப் பிளக் இன்னை நிறுத்தலாம். மெயில் வராவிட்டால், எப்டிபி அல்லது ஹோஸ்டிங் தரும் பைல் மேனேஜர் மூலம் டபிள்யூபி-கன்டென்ட் போல்டருக்குள் சென்று, பிளக்இன்ஸ் என்ற போல்டரின் பெயரை மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் எந்தப் பிளக் இன்னையும் காணாமல், அவை இல்லாமலேயே இயங்கும். லாக் இன் செய்து பிளக் இன் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் டிஆக்டிவேட் ஆகிவிடும். பின் போல்டருக்குப் பழைய பெயரைத் தந்து, ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்து பார்க்கலாம்.

பார்வையாளர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் உண்மையான தளத்திலேயே சோதிக்க, ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் என்ற இலவசப் பிளக் இன் உதவும். இதனை இயக்கினால் உங்களுக்கு மட்டும் எல்லாப் பிளக் இன்களும் நிறுத்தப்பட்டு, தளம் சாதாரண தீமில் தெரியும். மற்றவர்களுக்குத் தளம் வழக்கம் போலவே இருக்கும். ஆனால் டேட்டாபேஸும் சர்வரும் பழையவையே. எனவே இதனைப் புதிய தளச் சோதனைக்கு முழு மாற்றாகக் கொள்ள முடியாது.

தயாரித்தவருக்கு எழுதும்போது

"உங்கள் பிளக் இன் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், "எங்களிடம் நன்றாக இயங்குகிறதே" என்று பதில் வரும். இலவசமாக உழைப்பவர்கள் பலர். அவர்கள் நேரத்தையும் மதிக்க வேண்டும். மூன்று பதிப்பு எண்கள், புதிய தளத்தில் வேறு பிளக் இன் இல்லாமல் சோதித்த விவரம், பிழை வர என்னென்ன கிளிக் செய்தீர்கள் என்ற வரிசை, எது நடக்கும் என எதிர்பார்த்தீர்கள், எது நடந்தது, லாக் பைலில் உள்ள பிழை வரி ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அதே வரிசையில் அவரும் செய்து பிழையைக் கண்ணால் பார்த்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வேலை முடிந்ததும் சர்வரில் அமைத்த சோதனைத் தளத்தை, அதன் டேட்டாபேஸுடன் சேர்த்து நீக்கிவிடுங்கள். அப்டேட் செய்யாமல் மறந்துபோன சோதனைத் தளம், கொல்லைப்புறத்தில் திறந்து கிடக்கும் கதவுக்குச் சமம். இன்ஸ்டலேஷன் திரையைப் பாதியில் விட்டுவிட்டும் போகாதீர்கள். அதைத் தேடிப் பிடித்து முடித்து, தளத்தைத் தனதாக்கிக் கொள்பவர்கள் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் அமைத்த தளத்தை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு புதிய பிளக் இன் கண்ணில் பட்டால், அதை நேராக உங்கள் தளத்தில் பதியாமல், முதலில் இங்கே ஓட விட்டுப் பாருங்கள்.